கண்ணாடிய வளைக்கிறது பெருசில்ல, சொன்னபடி வளைஞ்சுதான்னு பாக்குறதுதான் பெரிய வேலை

சித்திர வெயில்ல மத்தியானம் தார் ரோட்டுல நின்னு தூரத்துல வர்ற பஸ்ஸப் பாருங்க, டயர் பக்கமெல்லாம் தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி நெளியும். பஸ் நெளியல, நடுவுல இருக்குற சூடான காத்துதான் நெளியுது. ராத்திரி நட்சத்திரம் கண்ணு சிமிட்டுறதும் இதேதான். எத்தனையோ வருஷம் பயணம் பண்ணி ஒரு கசங்கல் கூட இல்லாம வந்த வெளிச்சம், கடைசியா நம்ம தலைக்கு மேல இருக்குற சில கிலோமீட்டர் காத்துக்குள்ள வரும்போது அப்பளம் பொரிஞ்ச மாதிரி மேடும் பள்ளமுமா ஆயிடுது. இத நியூட்டன் 1704லயே எழுதிட்டாரு, காத்து எப்பவும் நடுங்கிட்டே இருக்கு, உயரமான மலை உச்சியில அமைதியான காத்துல போய்ப் பாக்குறத விட்டா வேற வழியில்லன்னு. அவரு காலத்துக்கு அது சரிதான்.

இந்த நடுக்கத்தால எவ்வளவு நஷ்டம்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 8 மீட்டர் கண்ணாடி உள்ள டெலஸ்கோப், பச்சை வெளிச்சத்துல, தியரிப்படி 0.016 ஆர்க்செகண்ட் அளவு நுணுக்கமா பாக்கணும் (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). ஆனா நல்ல மலை உச்சியில கூட காத்து அத 0.7, 1 ஆர்க்செகண்டுன்னு பரப்பி விட்டுடுது, அதாவது ஐம்பது அறுபது மடங்கு மங்கல். கோடிக்கணக்குல செலவு பண்ணிக் கட்டுன டெலஸ்கோப்புக்கு, நுணுக்கம்னு வர்றப்ப, 10 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட பார்வைதான் கெடைக்குது. வெளிச்சம் நிறைய சேரும், அது உண்மை, ஆனா படம் கொழகொழன்னுதான் இருக்கும்.

இதுக்கு மருந்து என்னன்னு 1953ல ஹொரேஸ் பாப்காக்னு ஒரு அமெரிக்க வானியலாளர் சொன்னாரு. வெளிச்சம் எப்படிக் கசங்கி வருதுன்னு அளந்து, அதுக்கு நேர் எதிரா ஒரு பரப்ப கசக்கி வச்சா, அதுல பட்டுத் திரும்புற வெளிச்சம் தட்டையா ஆயிடும்னாரு. யோசனை அவ்வளவுதான். ஆனா காத்து ஒரு நொடிக்கு நூத்துக்கணக்கான தடவ மாறும், அதனால இந்த அளக்குறது, வளைக்கிறது ரெண்டும் அதே வேகத்துல நடக்கணும். அதுக்கு ஏத்த கம்ப்யூட்டரும் இல்ல, டிடெக்டரும் இல்ல, கண்ணாடியும் இல்ல. வானியலுக்குன்னு இது ஒழுங்கா வேலை செஞ்சது 1989லதான், பிரான்ஸ்ல ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்துல, 1.52 மீட்டர் டெலஸ்கோப்புல, கண்ணாடிக்குப் பின்னாடி வெறும் 19 ஆக்சுவேட்டர வச்சு. ஆக்சுவேட்டர்ங்கிறது வேற ஒண்ணுமில்ல, கண்ணாடிக்கு முதுகுல இருந்து தள்ளுற அல்லது இழுக்குற குட்டி விரல். இந்த மொத்த ஏற்பாட்டுக்குப் பேரு அடாப்டிவ் ஆப்டிக்ஸ், அதுக்குள்ள இருக்குற வளையுற கண்ணாடிக்குப் பேரு டிஃபார்மபிள் மிரர். இனிமே நான் வளைகண்ணாடின்னே சொல்றேன்.

எத்தனை விரல் வேணும்? காத்துல எவ்வளவு அகலமான ஒரு துண்டுக்குள்ள வெளிச்சம் ஓரளவு தட்டையா இருக்கோ அத ஃப்ரைட் அளவுன்னு சொல்றாங்க, சுமாரான ராத்திரியில பச்சை வெளிச்சத்துக்கு அது 10 சென்டிமீட்டர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விரல்னு வச்சா 8 மீட்டருக்கு 80க்கு 80, அதாவது 6400 விரல். ஆனா அகச்சிவப்புல, 2.2 மைக்ரான் அலைநீளத்துல, அதே காத்தோட ஃப்ரைட் அளவு 60 சென்டிமீட்டர் கிட்ட வந்துடும், அங்க 8 மீட்டருக்கு 200 விரல் போதும். ஹவாயில இருக்குற 10 மீட்டர் கெக் டெலஸ்கோப் 349 ஆக்சுவேட்டர வச்சுகிட்டு அவ்வளவு அருமையான அகச்சிவப்புப் படம் எடுத்தது இதனாலதான். அடாப்டிவ் ஆப்டிக்ஸ் பெரும்பாலும் அகச்சிவப்புலயே ஓடுறதுக்கும் முக்கியமான காரணம் இதுதான்.

வளைகண்ணாடில மூணு ஜாதி பெருசா பொழங்குது. ஒண்ணு பியசோ. கரண்டு குடுத்தா லேசா நீளுற பீங்கான் தூண்கள வரிசையா நிக்க வச்சு, மேல மெல்லிசா ஒரு கண்ணாடி. ரெண்டாவது மெம்ஸ். கம்ப்யூட்டர் சிப் செய்யுற மாதிரி சிலிக்கான்ல செதுக்குன கண்ணாடி, கீழ இருக்குற மின்தகடு மின்னிழுப்பால அத இழுக்கும். மூணாவது வாய்ஸ் காயில். நம்ம ஸ்பீக்கர்ல கோன ஆட்டுற அதே சமாச்சாரம், மெல்லிய பெரிய கண்ணாடிக்குப் பின்னாடி காந்தத்த ஒட்டி, எதிர்ல காயில் வச்சு, தொடாமலே அந்தரத்துல மெதக்க விடுறது. சிலில இருக்குற வெரி லார்ஜ் டெலஸ்கோப்ங்கிறது நாலு பெரிய டெலஸ்கோப் சேர்ந்தது, அதுல நாலாவதோட ரெண்டாம் கண்ணாடி, அதாவது பெரிய கண்ணாடி சேர்த்த வெளிச்சத்த வாங்கித் திருப்புற கண்ணாடி, இந்த வகை. 1.12 மீட்டர் அகலம், தடிமன் 2 மில்லிமீட்டர் கூட இல்ல, பின்னாடி 1170 ஆக்சுவேட்டர். ஒரு ஆள் கைய விரிச்சாதான் பிடிக்க முடியுற அகலத்துக்கு ஜன்னல் கண்ணாடிய விட மெல்லிசா ஒரு கண்ணாடி, நெனச்சாலே எனக்கு வயிறு கலங்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கட்டுரை, வீடியோ எதுல பாத்தாலும் "கண்ணாடி வளைஞ்சு சரி பண்ணிடும்"னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. அந்த ஒரு வரிக்குள்ளதான் எல்லாமே இருக்கு. நாம கண்ணாடிகிட்ட உருவத்த சொல்றதில்ல, வோல்ட்டேஜத்தான் சொல்றோம். 412ஆம் ஆக்சுவேட்டருக்கு 80 வோல்ட்டுன்னு அனுப்புறோம். அந்த 80 வோல்ட்டுக்கு அது எத்தனை நானோமீட்டர் நகரும், பக்கத்துல இருக்குறவன எவ்வளவு இழுத்துட்டுப் போகும், நேத்து நகர்ந்த அளவே இன்னைக்கும் நகருமா, எத்தனை மைக்ரோசெகண்டுல போய் நிக்கும், இதெல்லாம் கண்ணாடிக்கு மட்டும்தான் தெரியும். நாம சொன்னதுக்கும் அது செஞ்சதுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த அளந்து எழுதி வைக்கிறதுதான் டெஸ்டிங். இத அரைகுறையா செஞ்சுட்டு மலைக்கு ஏத்துனா, அங்க காத்தோட நடுக்கத்தோட கண்ணாடியோட கோளாறும் சேர்ந்துக்கும், எது எதுன்னு பிரிக்கவே முடியாது.

அளக்குற கருவி இன்டர்ஃபெரோமீட்டர். ஒரு லேசர், வழக்கமா 632.8 நானோமீட்டர் சிவப்பு ஹீலியம்-நியான், ரெண்டா பிரியும். ஒரு பாதி ஒப்பீட்டுக்குன்னு வச்ச நல்ல தட்டைக் கண்ணாடில பட்டுத் திரும்பும், இன்னொரு பாதி நம்ம வளைகண்ணாடில பட்டுத் திரும்பும், ரெண்டும் சேரும்போது கறுப்பும் சிவப்புமா வரி வரியா விழும், அதத்தான் ஃபிரிஞ்சுன்னு சொல்றோம். பக்கத்துப் பக்கத்து வரிக்கு நடுவுல கண்ணாடிப் பரப்புல இருக்குற உயர வித்தியாசம் 316 நானோமீட்டர், லேசர் அலைநீளத்துல பாதி. ஏன் பாதின்னா வெளிச்சம் போயிட்டு வருது, பரப்பு ஒரு மடங்கு ஏறுனா வெளிச்சப் பாதை ரெண்டு மடங்கு குறையும். இந்த ரெண்டு மடங்க மறந்துட்டு ரிப்போர்ட் எழுதுனவங்க நிறைய பேரு, படிக்கிறப்ப "இது கண்ணாடியோட பரப்பா, இல்ல அதுல பட்டுத் திரும்புற வெளிச்சத்தோட உருவமா, அதாவது அலைமுகப்பா"ன்னு மொதல்ல பாத்துக்கோங்க.

நான் ப்ராஜெக்ட் பண்ண லேப்ல மொதல் நாள் எனக்கு சீனியர் அக்கா எதையும் விளக்கல, மானிட்டர்ல ஃபிரிஞ்ச காட்டி "கைய அந்த பீம் பாதைக்குக் கீழ கொண்டு போ"ன்னாங்க. பீமத் தொடல, ஒரு சாண் கீழதான் கை. நேரா நின்ன வரியெல்லாம் ஊதுபத்திப் புகை மாதிரி மேல நோக்கி வளைஞ்சு வளைஞ்சு போச்சு. என் உள்ளங்கைச் சூடு. அது கண்ணாடியில இல்ல, காத்துலதான் நடக்குது, ஆனா இன்டர்ஃபெரோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனாலதான் டெஸ்ட் மேசைக்கு மேல பெட்டி மாதிரி மூடி போடுவாங்க, மேசையே காத்தடைச்ச கால் மேல நிக்கும், ஏசி ப்ளோயர நிறுத்திட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல, ரோட்டுல லாரி குறைஞ்ச பொறவு அளப்போம். காத்தோட தொல்லையத் தீர்க்குற கண்ணாடிய டெஸ்ட் பண்ண மொதல்ல காத்த அடக்கணும்.

ஃபிரிஞ்சக் கண்ணால எண்ணுறது பழைய காலம். இப்ப ஒப்பீட்டுக் கண்ணாடிய அலைநீளத்துல எட்டுல ஒரு பங்கா நகர்த்தி, அதாவது வெளிச்சப் பாதை கால் கால் அலைநீளமா மாறுற மாதிரி, நாலு படம் எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் உயரத்த கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுடும், நானோமீட்டர் கணக்குல துல்லியம் வரும். ஆனா நாலு படத்துக்கு நடுவுல மேசை அதிர்ந்தா போச்சு, அதனால நாலையும் ஒரே நேரத்துல எடுக்குற கருவியும் உண்டு. இன்னொரு பொறியும் இருக்கு. பக்கத்துப் பக்கத்து பிக்சலுக்கு நடுவுல உயரம் ரொம்ப செங்குத்தா மாறுனா, நடுவுல எத்தனை வரி போச்சுன்னு மென்பொருளுக்குத் தெரியாம தப்பா ஒட்டிடும், படத்துல திடீர்னு ஒரு சுவர் எழும்பி நிக்கும். அது கண்ணாடி இல்ல, கணக்குப் பிசகு. புதுசா வர்றவங்க இதப் பாத்து கண்ணாடி உடைஞ்சிடுச்சுன்னு பயந்துடுவாங்க.

சரி, அளக்கத் தெரிஞ்சாச்சு. மொதல் டெஸ்ட், குத்திப் பாக்குறது. லேப்ல எல்லாரும் போக்னுதான் சொல்லுவோம். எல்லா ஆக்சுவேட்டரையும் பாதி அளவுல நிறுத்திட்டு, ஒண்ண மட்டும் கொஞ்சம் தள்ளி, படம் எடுத்து, அப்புறம் அதையே எதிர்ப்பக்கம் இழுத்து, இன்னொரு படம் எடுத்து, ரெண்டையும் கழிச்சா அந்த ஒரு விரல் கண்ணாடில என்ன மேடு எழுப்புதுன்னு தெரிஞ்சிடும். அந்த மேட்டுக்குப் பேரு இன்ஃப்ளூயன்ஸ் ஃபங்ஷன். கயித்துக் கட்டில்ல ஒரு எடத்துல கைய வச்சு அமுக்குனா அந்த எடம் மட்டுமா எறங்குது, சுத்தி இருக்குற கயிறும் சேர்ந்து கொஞ்சம் எறங்குதுல்ல, அதே மாதிரிதான். ஒரு ஆக்சுவேட்டர் 100 நானோமீட்டர் ஏறுனா பக்கத்து வீட்டுக்காரன் எடத்துல கண்ணாடி பத்தோ இருபதோ ஏறும், எவ்வளவுங்கிறது கண்ணாடித் தடிமன், கீழ இருக்குறதோட விறைப்பு ரெண்டையும் பொறுத்தது. இந்தப் பங்கு ரொம்பக் குறைவா இருந்தா கண்ணாடி முள்ளு முள்ளா நிக்கும், ரொம்ப அதிகமா இருந்தா நுணுக்கமான உருவத்த எடுக்கவே முடியாது.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம், இங்க அது செல்லாது. ஒவ்வொரு பருக்கையையும் நசுக்கிப் பாத்தே ஆகணும். 4096 ஆக்சுவேட்டர்னா 4096 தடவ. நேரத்த மிச்சம் பிடிக்க, ஒண்ணுக்கொண்ணு தொடாத தூரத்துல நாலு நாலு தள்ளி இருக்குறவங்கள ஒரே நேரத்துல குத்தலாம், இல்ல ஒரேயடியா பாதிப் பேர மேலயும் பாதிப் பேர கீழயும் வச்சு ஹடமார்ட்னு ஒரு கணித வரிசைப்படி மாத்தி மாத்தி அளந்து அப்புறம் கணக்குல பிரிச்சுக்கலாம், அதுல இரைச்சலும் அடங்கும்.

இந்தக் குத்திப் பாக்குற டெஸ்ட்ட சாதாரணமா நெனச்சு நான் ஒரு தடவ ரெண்டு வாரத்தத் தொலைச்சிருக்கேன். கண்ணாடி தட்டையாகவே மாட்டேங்குது, ஒவ்வொரு தடவ திருத்தும்போதும் இன்னும் மோசமாகுது. கணக்க மாத்துனேன், மென்பொருள மாத்துனேன், லென்ஸக் கழட்டி மாட்டுனேன். கடைசில ஒரு ராத்திரி பொறுமையா உக்காந்து ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்னு ஒவ்வொண்ணா குத்தி மானிட்டர்ல மேடு எங்க எழும்புதுன்னு பேப்பர்ல குறிச்சேன். 33ஆம் நம்பர் வரைக்கும் வரிசையா வந்துச்சு, அடுத்தது எதிர் மூலைல எழும்பிச்சு. ரெண்டாவது ரிப்பன் கேபிள் தலைகீழா மாட்டிருக்கு. கண்ணாடி மேலயோ, கணக்கு மேலயோ எந்தத் தப்பும் இல்ல. அன்னையில இருந்து யாரு என்ன அவசரம்னாலும் மொதல் குத்து வரைபடத்த என் கையால எடுக்காம நான் அடுத்த வேலைக்குப் போறதில்ல.

குத்திப் பாக்கும்போதே நோயாளிங்க யாருன்னும் தெரிஞ்சிடும். சிலது அசையவே அசையாது. சிலது ஒரு உயரத்துல மாட்டிகிட்டு நிக்கும். சிலது ரெண்டு ரெண்டா சேர்ந்து ஆடும், ஒண்ணுக்கு வோல்ட்டேஜ் குடுத்தா ரெண்டும் நகரும், எங்கயோ ஷார்ட். ஒரே ஒரு செத்த ஆக்சுவேட்டர் என்ன பண்ணிடப் போகுதுன்னு தோணும். சாதாரணப் படத்துக்கு அது பெரிய விஷயமில்லதான். ஆனா ஜெமினி பிளானட் இமேஜர் மாதிரி, நட்சத்திரத்துக்குப் பக்கத்துல அத விட பல லட்சம் மடங்கு மங்கலா இருக்குற கோளப் பிடிக்கப் போற கருவில, ஒரு செத்த புள்ளில இருந்து சிதறுற வெளிச்சமே கோள மூடிடும். அந்தக் கருவில இருந்தது 64க்கு 64, மொத்தம் 4096 ஆக்சுவேட்டர் உள்ள மெம்ஸ் கண்ணாடி, ரெண்டு விரலுக்கு நடுவுல 400 மைக்ரான்தான் இடைவெளி, மொத்தக் கண்ணாடியும் ஒரு தபால் தலை அளவு. அதுல 48 விரல் அகலத்துக்கு மட்டும்தான் வெளிச்சத்த விழ விட்டாங்க, கெட்டுப் போனதுங்கள முடிஞ்ச வரைக்கும் வெளிய தள்ளுற மாதிரி எடம் பாத்து. அப்படியும் உள்ள மாட்டுனதுக்கு, பின்னாடி வர்ற ஒரு தகடுல அந்தந்த எடத்துக்கு நேரா சின்னத் தடுப்பு வச்சு மறைச்சாங்க. 2013 நவம்பர்ல சிலில ஜெமினி சவுத் டெலஸ்கோப்புல மாட்டி, 2015ல 51 எரிடானி பிங்கிற கோள நேரடியாப் படம் பிடிச்சது இந்தக் கருவிதான். எந்த விரல் செத்துருக்குன்னு லேப்லயே துல்லியமா தெரிஞ்சதாலதான் தடுப்ப எங்க வைக்கணும்னு முடிவு பண்ண முடிஞ்சது.

அடுத்தது வோல்ட்டேஜுக்கும் நகர்வுக்கும் உள்ள உறவு. மெம்ஸ் கண்ணாடி இழுக்க மட்டும்தான் செய்யும், தள்ளாது, அதுவும் வோல்ட்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி. கணக்குக்காக 200 வோல்ட்டுக்கு 4 மைக்ரான்னு வச்சுக்குவோம். அப்ப முதல் 10 வோல்ட்டுக்கு 10 நானோமீட்டர்தான் நகரும், ஆனா 190ல இருந்து 200க்குப் போற கடைசி 10 வோல்ட்டுக்கு 390 நானோமீட்டர். அதே 10 வோல்ட்தான். இந்த வளைவ ஒவ்வொரு ஆக்சுவேட்டருக்கும் அளந்து வைக்கலைன்னா நாம குடுக்குற கட்டளை ஒரு எடத்துல தூக்கலாவும் இன்னொரு எடத்துல ஊமையாவும் போகும். மேலயும் கீழயும் போகணுங்கிறதுக்காக மொதல்லயே பாதி இழுத்து வச்சுகிட்டு அங்கிருந்துதான் வேலையத் தொடங்குவாங்க. மெம்ஸுக்கு இன்னொரு பத்தியமும் உண்டு, ஈரக்காத்து ஆகாது. ஈரப்பதத்துல வோல்ட்டேஜ் குடுத்தா ஆக்சுவேட்டர் அரிச்சுப் போகும், அதனால ஜன்னல் போட்டு மூடி உலர்ந்த காத்துலதான் வச்சுக்கணும், டெஸ்ட் மேசையிலயும் சேர்த்துத்தான். மழைக்காலத்துல ஈரப்பத மீட்டரப் பாக்காம ஸ்விட்சப் போட்டா கண்ணாடி போயிடும்.

பியசோவுக்கு வேற கொணம். போன வழியில திரும்பி வராது. பழைய சைக்கிள் பிரேக் வயர் மாதிரி, அழுத்தும்போது ஒரு எடத்துல பிடிக்கும், விடும்போது அதே எடத்துல விடாது. 50 வோல்ட்டுக்கு ஏறி வந்தா ஒரு உயரம், 100 போயிட்டு எறங்கி 50க்கு வந்தா வேற உயரம். இதுதான் ஹிஸ்டரிசிஸ். சாதாரண பியசோ பீங்கான்ல மொத்த நகர்வுல 10 சதவீதத்துக்கு மேல கூட இந்த வித்தியாசம் வரும். எலக்ட்ரோஸ்ட்ரிக்டிவ்னு இன்னொரு வகைப் பீங்கான் இருக்கு, அறைச் சூட்டுல அதுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி, ஆனா குளிர்ல அதிகமாயிடும். அதனால டெஸ்ட் எந்தச் சூட்டுல நடந்துச்சுங்கிறது ரொம்ப முக்கியம். நம்ம இந்தியாவும் பங்காளியா இருக்குற 30 மீட்டர் டெலஸ்கோப் திட்டத்துல, அடாப்டிவ் ஆப்டிக்ஸ் பெட்டி முழுசையும் மைனஸ் 30 டிகிரில வைக்கப் போறாங்க, கண்ணாடிங்களோட சொந்தச் சூடே அகச்சிவப்புல வெளிச்சமா தெரியுங்கிறதால. அங்க போற வளைகண்ணாடிய 25 டிகிரில டெஸ்ட் பண்ணி "பாஸ்"னு எழுதுறதுல ஒரு அர்த்தமும் இல்ல, அந்தக் குளிர்லயே குத்திப் பாக்கணும்.

எவ்வளவு தூரம் நகரும்ங்கிறத ஸ்ட்ரோக்னு சொல்லுவோம், அதுல ரெண்டு இருக்குறத பல பேர் கவனிக்கிறதில்ல. எல்லாரும் சேர்ந்து நகர்ற மொத்த ஸ்ட்ரோக் ஒண்ணு, பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு பேர் எதிரெதிரா போகும்போது கிடைக்கிற ஸ்ட்ரோக் இன்னொண்ணு. ரெண்டாவது எப்பவும் குறைவு, ஏன்னா நடுவுல கண்ணாடி மடங்க மறுக்கும். காத்தோட கசங்கல்ல பெரும்பங்கு வெறும் சாய்வுதான், படம் மொத்தமா இங்கயும் அங்கயும் ஆடுறது, அத தனியா ஒரு சாய்க்கிற மேடை பாத்துக்கும். ஜெமினி கருவில மூணு நாலு மைக்ரான் ஸ்ட்ரோக் உள்ள மெம்ஸால பெரிய வளைவையும் சேர்த்து சுமக்க முடியாதுன்னு, அதுக்கு முன்னாடி விரல் குறைஞ்ச பியசோ கண்ணாடி ஒண்ண வச்சு பெரிய அலையெல்லாம் அதுகிட்டயும் சின்ன அலையெல்லாம் மெம்ஸ்கிட்டயும் பிரிச்சுக் குடுத்தாங்க. ஸ்பீக்கர்ல வூஃபர், ட்வீட்டர் மாதிரி, பேரும் அதேதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் தட்டையாக்குறது. தொழிற்சாலைல இருந்து வர்ற வளைகண்ணாடி தட்டையா இருக்காது, எல்லா வோல்ட்டேஜையும் ஒண்ணா வச்சாலும் கிண்ணம் மாதிரியோ மேடு பள்ளமாவோதான் இருக்கும். அளந்து வச்ச எல்லா இன்ஃப்ளூயன்ஸ் ஃபங்ஷனையும் ஒரு பெரிய மேட்ரிக்ஸா அடுக்கி, அதத் தலைகீழாக்குனா, "இந்த உருவம் வேணும்னா இந்த வோல்ட்டேஜ் குடு"ன்னு பதில் வரும். குடுத்து, அளந்து, மிச்சத்துல பாதிய மட்டும் திருத்தி, மறுபடி அளந்து, இப்படியே பத்து இருபது சுத்து. முழுசா ஒரே அடியில திருத்தப் போனா தாண்டிப் போயிடும். ஃபிரிஞ்ச் வளைஞ்சு நெளிஞ்சு இருந்தது ஒவ்வொரு சுத்துக்கும் நேராகி நேராகி கடைசில ரூல் போட்ட நோட்டு மாதிரி நிக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதச் சொல்லித் தெரியாது. கலிஃபோர்னியால சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்துல ஜெமினி கருவிக்கு முன்னோட்டமா 1024 ஆக்சுவேட்டர் மெம்ஸ வச்சு இதச் செஞ்சப்ப, கண்ணாடியால திருத்த முடிஞ்ச அலைங்கள்ல மிச்சம் 1 நானோமீட்டருக்கும் கீழ வந்துச்சு.

"கண்ணாடியால திருத்த முடிஞ்ச"ங்கிற வார்த்தைய கவனிங்க. ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்குற இடைவெளிய விட நுணுக்கமான மேடு பள்ளத்த எந்த வோல்ட்டேஜாலயும் சரி பண்ண முடியாது. தட்டையாக்கி முடிச்ச பொறவும் உத்துப் பாத்தா, பின்னாடி இருக்குற விரலோட அச்சு முன்பக்கம் லேசா தெரியும், ஈரத் துணிய பாய் மேல போட்டா பாயோட பின்னல் துணில தெரியுற மாதிரி. அது செஞ்சவங்க கைலதான் இருக்கு, டெஸ்ட் பண்றவங்க அளந்து எழுதத்தான் முடியும்.

மிச்சம் எவ்வளவு இருந்தா பரவாயில்ல? அது எந்த வெளிச்சத்துல பாக்கப் போறீங்கங்கிறதப் பொறுத்தது. ஸ்ட்ரெல்னு ஒரு மார்க் இருக்கு, படம் தியரி அளவுக்குக் கூர்மையா இருந்தா 100 சதவீதம். அலைமுகப்புல சராசரிப் பிழை 100 நானோமீட்டர்னு வையுங்க, 1.65 மைக்ரான் அகச்சிவப்புல கிட்டத்தட்ட 86 மார்க் கிடைக்கும், அதே பிழைக்கு 0.5 மைக்ரான் பச்சை வெளிச்சத்துல 20 மார்க்தான். கண்ணாடியும் அதே, பிழையும் அதே.

வேகத்துக்குத் தனி டெஸ்ட். திடீர்னு ஒரு படி ஏறச் சொல்லிட்டு, எவ்வளவு நேரத்துல போய் ஆடாம நிக்குதுன்னு பாக்கணும். அளந்து, வளைச்சு, மறுபடி அளக்குற இந்தச் சுத்துக்குப் பேரு லூப், அது நொடிக்கு 1000 தடவ சுத்துதுன்னா ஒரு மில்லிசெகண்டுக்குள்ள போய் அடங்கியிருக்கணும், இல்லாட்டி போன கட்டளையோட ஆட்டம் அடங்குறதுக்குள்ள அடுத்த கட்டளை வந்துடும். கண்ணாடிக்குன்னு ஒரு இயல்பான அதிர்வு இருக்கும், அது லூப்போட வேகத்துக்குக் கிட்ட வந்துச்சுன்னா கண்ணாடி தானாவே பாட ஆரம்பிச்சிடும்.

எல்லாம் முடிஞ்சப்புறம் ஒத்திகை. லேசர் ஒண்ண நட்சத்திரமா வச்சு, அதுக்கு முன்னாடி கண்டபடி கீறி வச்ச கண்ணாடித் தட்டு ரெண்டு மூணச் சுத்த விட்டா அதுதான் காத்து, தட்டு சுத்துற வேகம் காத்தடிக்கிற வேகம். இப்ப அளக்குறது இன்டர்ஃபெரோமீட்டர் இல்ல, டெலஸ்கோப்புல இருக்கப் போற அதே சென்சர், பெரும்பாலும் ஷாக்-ஹார்ட்மன். குட்டி லென்ஸ் வரிசை, ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு புள்ளி, வெளிச்சம் சாய்ஞ்சா புள்ளி நகரும். இதுல ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கணும். கண்ணாடில சதுரங்கப் பலகை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாத்தி மாத்தி நின்னா, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளயும் சாய்வு ஒண்ணையொண்ணு அடிச்சுகிட்டு சராசரி பூஜ்யமாயிடும், புள்ளி அசையாது. சென்சர் "எல்லாம் சரி"ன்னு சொல்லும், கண்ணாடி மெல்ல மெல்ல வாஃபிள் பிஸ்கட் மாதிரி ஆகிட்டே இருக்கும், பேரே வாஃபிள் மோடுதான். நட்சத்திரத்தச் சுத்தி நாலு மூலைல நாலு பொய்ப் புள்ளி மொளைக்கும். ஒத்திகை மேசைல தனியா இன்டர்ஃபெரோமீட்டர் ஒண்ணு கண்ணாடியப் பாத்துகிட்டே இருந்தாத்தான் இத மொதல்லயே பிடிக்க முடியும்.

பெரிய கண்ணாடிங்களுக்கு இதெல்லாம் மேசைல நடக்காது. அரிசோனால இருக்குற லார்ஜ் பைனாகுலர் டெலஸ்கோப்போட ரெண்டாம் கண்ணாடி 91 சென்டிமீட்டர், 1.6 மில்லிமீட்டர் தடிமன், 672 வாய்ஸ் காயில். அது குழிக் கண்ணாடி, அதனால அதோட ஒரு குவியத்துல வெளிச்சத்த வச்சா இன்னொரு குவியத்துல வந்து சேரும், சோதிக்கிறதுக்கு இதவிட வசதி வேற இல்ல. இத்தாலில ஃப்ளோரன்ஸ் பக்கத்துல அர்செத்ரி வானாய்வகத்துக் கோபுரத்துக்குள்ள அத உயரத்துல தொங்க விட்டு மாசக்கணக்குல டெஸ்ட் பண்ணாங்க. 2010ல வானத்தப் பாத்தப்ப அகச்சிவப்புல ஸ்ட்ரெல் 80 சதவீதத்தத் தொட்டதுக்கு அந்தக் கோபுரத்துல நடந்த வேலைதான் அஸ்திவாரம்.

நான் முன்னாடி சொன்ன சிலியோட 1.12 மீட்டர் கண்ணாடி அதுக்கு நேர்மாறு, குவிஞ்ச கண்ணாடி. அதுல பட்ட வெளிச்சம் விரிஞ்சுகிட்டே போகும், தானா எங்கயும் சேராது. அதனால அதச் சோதிக்கவே ஜெர்மனில கார்ஷிங்ல ஒன்றரை மீட்டரத் தாண்டின இன்னொரு கண்ணாடிய வச்சு, செயற்கை நட்சத்திரம், செயற்கைக் காத்து எல்லாத்தோடயும் அசிஸ்ட்னு தனியா ஒரு டெஸ்ட் அமைப்பே கட்டுனாங்க. டெலஸ்கோப்புல ஏத்துன பொறவு அந்த வசதியும் போச்சு. ரெண்டாம் கண்ணாடிக்கு முன்னாடி லேசர் நட்சத்திரம் வச்சுக் குத்திப் பாக்க அங்க எடமே கிடையாது, மேல வெறும் வானம்தான். அதனால குத்திப் பாத்து எடுக்க வேண்டிய மேட்ரிக்ஸ, லேப்ல அளந்து வச்ச இன்ஃப்ளூயன்ஸ் ஃபங்ஷன வச்சுக் கணக்குலயே உண்டாக்குறாங்க, சென்சரும் கண்ணாடியும் எவ்வளவு தள்ளி எவ்வளவு திரும்பி இருக்குங்கிறத மட்டும் வானத்துல அளந்து சேர்த்துக்குறாங்க. அந்த மலைல லூப் ஓடுற ஒவ்வொரு ராத்திரியும், 1170 விரலும் எப்படி நடந்துக்கும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுறது மூடுன அறைக்குள்ள ஒண்ணொண்ணா குத்திப் பாத்து எழுதி வச்ச அந்த மேடுகளை வச்சுத்தான்.